ஏற்காடு எஸ்டேட் வாட்ச்: பாலிஷ் போடலாமா?

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. அங்கிருந்த துரை கொடுத்த வாட்ச் இப்போது என்னிடம். வெள்ளிக் கூடு, வெள்ளை எனாமல் முகப்பு, வார் கோக்கக் கம்பி வளையம். முகப்பில் பெயரே இல்லை. பின்மூடிக்குள் 'டபிள்யூ அண்டு டி', வெள்ளியின் தரம் சொல்லும் '.925'. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் போடலாமா?

— ஐயோ, வேண்டாம் தம்பி! அந்த எழுத்து வில்ஸ்டார்ஃப் அண்டு டேவிஸாக இருக்கலாம். 1908-ல் ரோலெக்ஸ் பெயரைப் பதிந்தவர்கள். அந்தக் காலத்தில் முகப்பில் பெயர் இல்லாதது குறையே இல்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் பிரிட்டிஷ் இறக்குமதி முத்திரையும் தனியாக ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துதான் ஆண்டைச் சொல்லும். பாலிஷ் போடும் பஃப் வீலில் (சுழலும் சக்கரத்தில்) பிடித்தால் அதெல்லாம் மழுங்கிவிடும். கொலுசுக்கு வேண்டிய பளபளப்பு இதற்கு ஆகாது.

— எண்கள் பழுப்பாகப் பொரிந்திருக்கிறதா? அப்படியானால் இருட்டில் ஒளிரப் பூசிய ரேடியம். இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது, அரை ஆயுள் 1600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றாதீர்கள். அப்புறம், ஏற்காட்டு மழையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ரோலெக்ஸின் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கூடு 1926-ல்தான் வந்தது.

— பொரிந்துதான் இருக்கிறது. எழுத்தையும் பார்த்தேன், பாதி தேய்ந்திருக்கிறது. படம் போடுகிறேன் அண்ணா.