1853 மாதிரி எண்ஃபீல்டு துப்பாக்கி: குதிரை அசலா, பின்னர் மாற்றியதா?

கேள்வி:
குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் 1853 மாதிரி எண்ஃபீல்டு துப்பாக்கி ஒன்றின் பாகங்களைச் சரிபார்த்து வருகிறேன். லாக் எனப்படும் சுடும் பொறியின் தகட்டில் 1858 என்ற ஆண்டும், 'டவர்' என்ற சொல்லும், கிரீடமும் உள்ளன. கிரீடத்தின் கீழே எழுத்து எதுவும் இல்லை. தகடு முழுவதும் கருத்திருக்க, குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தி) மட்டும் வழவழப்பாக இருக்கிறது. அது பிற்காலத்தில் பொருத்தியதா என்பதை எப்படி அறிவது?

பதில்:
எதையும் தொடுமுன், கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அது இறங்கும் ஆழத்தைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட்டு, உள்ளே பழைய மருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை ஆண்டு ஆனாலும் கருமருந்து தீப்பற்றும்.

கிரீடத்தின் கீழே 'வி.ஆர்.' (விக்டோரியா அரசியைக் குறிக்கும் எழுத்துகள்) இல்லையென்றால், அது பிரிட்டிஷ் அரசுப் படைக்கு அல்லாமல் வணிகத்துக்காகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். குழலின் பின்முனையில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரச் சோதனை முத்திரையோடு, துளையின் அளவைக் குறிக்கும் 25 என்ற எண் இருந்தால், குழலும் தகடும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகின்றன.

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். யாரோ குதிரையை மட்டும் தேய்த்துத் துலக்கியிருக்கலாம். கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) வெடிக்கும்போது தெறிக்கும் புகையின் உப்பு, அது மாட்டப்படும் சிறு குழாயான நிப்பிளைச் சுற்றியுள்ள இரும்பை அரித்துக் குழிகளை உண்டாக்கும்; நிப்பிளை மூடும் குதிரையின் குழிந்த முகத்திலும் அதே அரிப்பு இருக்க வேண்டும். துலக்குபவர்கள் அந்தக் குழிக்குள் பெரும்பாலும் கை வைப்பதில்லை. நிப்பிள் தேய்ந்து மாற்றப்படும் பாகம் என்பதால், அது புதிதாக இருப்பது குற்றமன்று.

பர்மிங்காமில் பாகங்களைக் கையால் இழைத்துப் பொருத்தியதால், இன்னது இன்னதோடு சேரும் என்று அறிய, திருகுகளிலும் குழலின் அடியிலும் அரத்தால் கோடுகள் இடுவதுண்டு. அவற்றையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நிப்பிளின் அடியில் ஆழமான குழிகள் உள்ளன. குதிரையின் முகத்திலோ ஒன்றுகூட இல்லை. லாக் திருகுகளிலும் குழலின் அடியிலும் இரண்டிரண்டு கோடுகள் இருக்க, குதிரையைப் பிடிக்கும் திருகில் மட்டும் கோடு இல்லை.

பதில்:
அப்படியானால் குழலும் லாக்கும் ஒன்றாகவே பிறந்தவை. குதிரையும் அதன் திருகும் பின்னால் வந்தவை என்பதே என் முடிவு. துப்பாக்கி பயன்பாட்டில் இருந்த காலத்திலேயே உடைந்த குதிரைக்குப் பதிலாக இது பொருத்தப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் நிப்பிளின் அடியில் அத்தனை அரிப்பு இருக்க, குதிரையின் முகம் மாசற்று இருப்பதால், இதை வைத்து அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று இரசாயனம் பூசிக் கருக்க வைக்காதீர்கள், தகட்டையும் தேய்க்காதீர்கள். இரண்டுமே அடுத்து ஆராய வருபவருக்கான சான்றை அழித்துவிடும்.