ரெனால்ட்ஸ் நம்பர் 3000ல நஸெல்ட் நம்பர் எந்த ஃபார்முலாவுக்கும் ஒத்துவரல, எரரா?

கடைசி_பெஞ்ச்:
மெக்கானிக்கல் மூணாவது வருஷம். லேப்ல 10 மிமீ செம்புக் குழாய், மேல ஹீட்டர் கம்பி சுத்தி கிளாஸ் வூல் போட்டது, உள்ள 25 டிகிரி தண்ணி. ரோட்டாமீட்டர்ல (ஓட்டத்த அளக்குற மீட்டர்) நிமிஷத்துக்கு 1.27 லிட்டர் வச்சேன், ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் அமைதியா கலங்கலான்னு காட்டுற எண்) 3000 வருது. 2300 தாண்டிட்டா டர்புலன்ட் (கலங்கல் ஓட்டம்) தானேன்னு அதுக்கான டிட்டஸ்-போல்டர் ஃபார்முலா போட்டா நஸெல்ட் நம்பர் (சுவர்ல இருந்து தண்ணிக்கு சூடு எவ்வளவு நல்லா போகுதுன்னு காட்டுற எண்) 29, லேமினார்னு (அமைதியான ஓட்டம்) வச்சா 4.36, நான் அளந்தது 17. இதுல வெளிய வர்ற தண்ணியோட சூட்ட அளக்குற தெர்மோகப்பிள் வேற ஒரு இடத்துல நிக்காம ஆடிட்டே இருக்கு, எதை எழுதுறதுன்னே தெரியல. சார் "இன்ஸ்ட்ருமென்ட் எரர்னு போட்டு முடி"ன்னுட்டார். நிஜமாவே எரர் தானா?

பாய்லர்_அண்ணன்:
தம்பி, மீட்டர் மேல பழியப் போடாத. டிட்டஸ்-போல்டர் 10,000க்கு மேல தான் நம்பலாம், நீ 3000ல போட்டா அது கூட்டித் தான் காட்டும். க்னீலின்ஸ்கியோட (Gnielinski) 1976 ஃபார்முலா போட்டுப் பாரு, 21 பக்கம் வரும். அவரே பின்னாடி 2300லயும் 4000லயும் கிடைக்கிற நஸெல்ட்டுக்கு நடுவுல நேர்கோடு போடச் சொன்னார், அப்பிடிப் போட்டா 15. உன் 17 ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?
தெர்மோகப்பிள் ஆடுறது தான் இதுல அழகே. அந்த இடத்துல தண்ணி முழுசா டர்புலன்டும் இல்ல லேமினாரும் இல்ல, கொஞ்ச தூரம் அமைதியா போகும், நடுவுல ஒரு கலங்கல் துண்டு வரும், மறுபடி அமைதி. துண்டு கடக்கும்போது சுவர்ச் சூட்ட அள்ளிக்கும், அடுத்தது வர்ற வரைக்கும் அள்ளாது. ரெண்டு நிமிஷம் ரீடிங் எடுத்து ஆவரேஜ் போடு.

சில்லர்_வேலை:
எங்க சைட்ல இதே கதை தான் பெரிய சைஸ்ல. சில்லர்ல (குளிரூட்டும் மெஷின்) ஓடுறது பாதிக்குப் பாதி தண்ணியும் உறையாம இருக்க கலக்குற எத்திலீன் கிளைகாலும், 20 டிகிரியிலயே தண்ணிய விட மூணு நாலு மடங்கு கெட்டி. கரண்ட் மிச்சம் பண்றேன்னு ராத்திரில பம்ப் ஸ்பீட கொறச்சா ஃப்ளோ லேமினார்ல விழுந்துடும், அப்ப ஃப்ளோ கொறஞ்ச அளவுக்கு மட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் கொறஞ்சா பரவால்ல, பொத்துன்னு விழும். குழாய்க்குள்ள முறுக்குப் பட்டை விட்டு சமாளிக்கலாம், ஆனா பிரஷர் டிராப் ஏறும், மிச்சம் பண்ண கரண்ட் அங்க போயிடும் 😄

பாய்லர்_அண்ணன்:
இன்னொண்ணு, 2300 கல்வெட்டு கிடையாது. 1883ல மான்செஸ்டர்ல ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்ல சாயம் விட்டுப் பாத்தப்ப, தண்ணிய ஆடாம வச்சு குழாய் வாய வழவழன்னு விரிச்சு விட்டதுல ரெனால்ட்ஸ் நம்பர் 12,000 பக்கம் வரைக்கும் கலங்காமப் போச்சு. ஹீட் டிரான்ஸ்ஃபர்லயும் அப்பிடித் தான், ஓக்லஹோமா ஸ்டேட் யுனிவர்சிட்டில கஜாரும் டாமும் பண்ண சோதனைல மணி மாதிரி விரிஞ்ச வாய்க்கு டிரான்சிஷன் (லேமினார்ல இருந்து டர்புலன்டுக்கு மாறுறது) 3800ல ஆரம்பிச்சுது, உள்ள நீட்டிட்டிருக்குற வாய்க்கு 2000லயே. உன் இன்லெட் எப்பிடி இருக்கு?

கடைசி_பெஞ்ச்:
இப்ப தான் டார்ச் அடிச்சுப் பாத்தேன் அண்ணா. டேங்க் சுவரத் தாண்டி அரை இஞ்ச் உள்ள நீட்டிட்டிருக்கு, அறுத்த பிசிறு கூட எடுக்கல. நாளைக்கு ஃபைல் வச்சுத் தேய்ச்சு, வாய சுவரோட சமமா விட்டுட்டு அதே 1.27ல திரும்ப ஓட்டிப் பாத்துட்டு வரேன்.