முதல் ஆர்பிஜி பிடிஎஃப்: நம்ம மலைப்பக்கத்துப் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

குன்னூரிலிருந்து

ஆர்பிஜின்னா ஆளாளுக்கு ஒரு பாத்திரமாகிப் பகடை போட்டுக் கதையை நடத்துற மேசை விளையாட்டு. அதுக்குப் புதுசா எழுதினவங்க பிடிஎஃப்பைப் பார்க்கக் கொடுத்தா, முதல்ல லைசென்ஸ் பக்கத்தைத் தேடுங்க. பெரும்பாலும் இருக்காது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஒரு பகுதி, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் வந்தாச்சு. அதை வெச்சு எழுதிக் காசுக்கு விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். பதிலுக்கு அந்த ஆவணமே கொடுத்திருக்கிற நன்றி வாசகத்தை அப்படியே ஒட்டணும். தமிழ்ப் புத்தகம்தானேன்னு அதை மொழிபெயர்த்துப் போடுறாங்க. வேண்டாம், ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ் விளக்கம் வேணும்னா கீழே தனியாப் போடுங்க.

பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் மாதிரி அசுரர்களோட விவரக்கட்டம் (பலம், உயிர்ப்புள்ளி மாதிரி எண்கள் உள்ள கட்டம்) எஸ்ஆர்டியில் கிடையாது. அதைத் தொடாதீங்க. அட்டையில் அந்த விளையாட்டோட பெயரையும் லோகோவையும் போடக் கூடாது, "5இ விதிகளுக்குப் பொருந்தும்"னு போட்டாப் போதும்.

இதைவிடப் பெரிய குழி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குன்னே இருக்கிற டிஎம்ஸ் கில்ட் இணையக் கடை. அங்கே அந்த விளையாட்டோட உலகங்களையும் அசுரர்களையும் பயன்படுத்த விடுவாங்க, விற்பனையில் பாதி நமக்கு வரும். ஆனா அங்கே போட்டதை வேறெங்கேயும் விற்க முடியாது. மூணு வருஷம் உட்கார்ந்து சொந்தமா ஒரு சோலைக்காட்டு ராஜ்ஜியத்தை உருவாக்கி, அதை முதல் நாளே அங்கே ஏத்திட்டா, அதை விரிச்சுத் தனிப் புத்தகமாக் கொண்டுவர வழி அடைஞ்சுபோகும். சொந்த உலகம்னா இட்ச் இல்லேன்னா டிரைவ்த்ரூஆர்பிஜி, ரெண்டும் இணையக் கடைகள்தான். டிரைவ்த்ரூவில் அங்கே மட்டும் விற்றா 70 சதவீதம், மற்ற இடத்திலும் விற்றா 65. முதல் ஆளுக்கு அந்த ஐந்து சதவீதம் பெரிசில்லை, 65-ஐயே எடுங்க.

கோத்தகிரியிலிருந்து

எழுதுகிறவர்கள் அதிகம் தப்பு செய்வது, வழியில் எது எதிர்ப்படும் என்று பகடை போட்டுப் பார்க்கும் சந்திப்புப் பட்டியலில்தான். இருபது பக்கப் பகடை நம் கடைவீதியில் கிடைக்காது என்று தாயக்கட்டையை வைத்து விதி எழுதுகிறார்கள். அருமையான யோசனை. ஆனால் ஏழு விதமான எண்கள் விழுகின்றனவே என்று ஏழு வரி எழுதி, எல்லாம் சமமாக விழும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணக்கு இது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 சேர்க்கை. தாயம் (1) விழுவது இரண்டு முறை, 2 விழுவது மூன்று முறை, 3 விழுவது நான்கு முறை, 4 விழுவது மூன்று முறை, 5 விழுவது இரண்டு முறை, 6-உம் 12-உம் ஒவ்வொரு முறைதான். அதாவது மூன்று என்ற வரி சராசரியாக நாலில் ஒரு தடவை வரும். அந்த இடத்தில் புலியை வைத்தால், ஒரு மாலை ஆட்டத்தில் ஐந்து புலி வரும், அப்புறம் யார் பயப்படுவார்கள்? மூன்றில் அட்டைப்பூச்சியையும் வழுக்குப் பாறையையும் வையுங்கள். இரண்டிலும் நான்கிலும் காட்டெருமை. புலிக்கு ஆறு. இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு, அந்தக் கதையில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று.

வரியையும் ஆட்டத்துக்கு உதவும்படி எழுத வேண்டும். "அடர்ந்த பனிமூட்டம் சூழ்கிறது" என்று எழுதினால் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் அதை வைத்து என்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்: "பனி இறங்குகிறது. பத்தடிக்கு மேல் தெரியாது. நடந்தால் ஆளுக்கொரு பகடை, 1 விழுந்தவர் பாதையை விட்டு விலகுகிறார். நின்றால் ஒரு மணி நேரம் போகும், விளக்கில் பாதி எண்ணெய் தீரும்." நடப்பதா நிற்பதா என்று மேசையில் உடனே வாக்குவாதம் கிளம்பும். அதுதான் வேண்டும்.

மலை ரயிலில் துரத்தல் காட்சி எழுதாதவர் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற அந்த வண்டிக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது. வேகத்தை நம்பிக் காட்சி எழுதினால் நிற்காது. 16 சுரங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இருட்டிலும் பெட்டிக்குள் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது என்று எழுதினால் ஒரு முழு ஆட்டம் கிடைக்கும்.

கொடைக்கானல், பெருமாள்மலையிலிருந்து

கோத்தகிரி அண்ணன் சொன்ன பட்டியல் சரியா இருந்தாலும், பிடிஎஃப்பில் எழுத்து உடைஞ்சா யாரும் படிக்க மாட்டாங்க. "கொ" போட்டா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிற்கும், புள்ளி வட்டம் தெரியும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கலைன்னா இப்படித்தான். அதே வேலைக்கான ஸ்கிரைபஸ் மென்பொருளில் 1.4 தமிழ் எழுத்தைச் சரியாக் கோர்க்காது, 1.6 கோர்க்கும். காசும் பொறுமையும் கம்மின்னா லிப்ரேஆபிஸ் ரைட்டரே போதும்.

பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடிக்கவே அடிக்காதீங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆட்டத்துக்கு நடுவில் ஜிஎம் "விஷம்"னு தேடினா எதுவும் வராது, காப்பி பண்ணினா ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமம் உள்ளவை, விற்பனைக்கும் தடையில்லை.

பக்கம் ஏ5, ஒரே பத்தி, எழுத்து 11, வரி இடைவெளி ஒன்றரை. நமக்கு மேலே இகர விசிறி, கீழே உகரச் சுழி, ரெண்டும் இடம் கேட்கும். ஆங்கில டெம்ப்ளேட்டில் ஏ4 ரெண்டு பத்தியில் தமிழை ஊத்தி, ரெண்டு ஓரமும் நேராக்கினா வார்த்தைக்கு நடுவே ஓட்டை ஓட்டையா விழும். இடது ஓரம் மட்டும் நேரா விடுங்க. தானியங்கிச் சொல் உடைப்பை அணைச்சுடுங்க.

வரைபடத்தைத் தனி பிஎன்ஜியாக் கொடுங்க, கட்டத்துக்கு 100 பிக்சல். 30க்கு 20 கட்டம்னா 3000க்கு 2000. மழைக்காலத்தில் எங்க பக்கம் சிக்னல் வர்ற லட்சணத்துக்கு 150 எம்பி பிடிஎஃப்பை யார் இறக்குவாங்க? 15க்குள் முடிங்க.

ஊட்டியிலிருந்து

படத்துக்கு ஒரு வழி சொல்றேன். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் வெளியிட்ட தாவரப் படங்கள் காப்புரிமை தீர்ந்தவை, பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இலவசமாக் கிடைக்குது. நீலகிரிச் செடிகள் அதில் நிறைய உண்டு, கறுப்பு-வெள்ளைக் கோட்டோவியங்கள் அச்சுக்கு அப்படிப் பொருந்தும். வரைஞ்சவங்க ரங்கையா, கோவிந்து. அவங்க பெயரைக் கட்டாயம் போடுங்க.

அதே காலத்துத் தோடர், குறும்பர் புகைப்படங்களை எடுக்காதீங்க. உரிமை தீர்ந்திருக்கலாம், ஆனா அதில் இருக்கிறவங்களோட பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்காங்க. குறும்பரை மந்திரவாதிகளாகவே எழுதுற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்களில் நிறைய இருக்கு. அந்தப் பழியால் அவங்களைக் கொன்ன வரலாறே உண்டு. "குறும்பர்: சூனியம் +2"ன்னு ஒரு பாத்திர வகை இனி யாரும் எழுத வேண்டாம். மந்திரம் வேணும்னா பாறைக்குக் கொடுங்க, மூடுபனிக்குக் கொடுங்க, 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்குக் கொடுங்க. அடுத்த பூப்பு 2030.

மறுபடி குன்னூர்

விலை பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு டாலர் வைக்காதீங்க. பேபால் மாதிரிப் பணம் அனுப்புற சேவையோட கட்டணம் ஏறத்தாழ 2.9 சதவீதமும் மேலே 30 சென்ட்டும். இட்ச் பங்கு வழக்கமா 10 சதவீதம், அதை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஒரு டாலரில் 57 சென்ட்தான் மிஞ்சும். மூணு டாலர்னா 2.31.

விற்ற பணம் கைக்கு வராம நிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் விரிஞ்சிருக்கும், பேங்கில் ஓர் எழுத்து, பேபாலில் வேற மாதிரி. மூணையும் ஒண்ணாக்கின பிறகு கணக்குத் திறங்க. டபிள்யூ-8பென்ங்கிற அமெரிக்க வரிப் படிவம் கேட்டா வெளிநாட்டு வரி எண் இடத்தில் பான் எண்ணைப் போடுங்க, வரி ஒப்பந்தப் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்க. அமெரிக்க விற்பனை ராயல்டிக்கு 30 சதவீதம் பிடிக்கிற இடத்தில் 15தான் பிடிப்பாங்க.