டேட்டாலிஸ்டில் வரிசைக்கு நிறம்: ஒன்று விட்டு ஒன்றுதான் மாறுகிறது

கேள்வி:
வணக்கம். ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் (இணையப் பக்கம் உருவாக்கும் கட்டமைப்பு), சி ஷார்ப் மொழி. மருந்து இருப்புப் பட்டியலை, தரவை வரிசை வரிசையாகக் காட்டும் டேட்டாலிஸ்டில் காட்டுகிறேன். காலாவதிக்கு 30 நாளோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் அந்த வரிசை முழுக்க வெளிர் சிவப்பாக வேண்டும்.

ஒவ்வொரு வரிசையிலும் தரவு சேர்ந்ததும் ஓடும் ஐட்டம்டேட்டாபவுண்ட் நிகழ்வில், ஐட்டம்டைப் (வரிசையின் வகை) என்பது ஐட்டமா என்று பார்த்துவிட்டு, டேட்டாஐட்டத்தை (அந்த வரிசையின் தரவு) டேட்டாரோவியூவாக மாற்றி, தேதியை எடுத்து ஒப்பிட்டு, பேக்கலர் (பின்னணி நிறம்) கொடுக்கிறேன். சோதனைக்கு 6 மருந்து போட்டேன், ஆறுமே காலாவதிக்கு நெருங்கியவை. 1, 3, 5 சிவப்பாகின்றன. 2, 4, 6 வெள்ளையாகவே நிற்கின்றன. தேதியில்தான் கோளாறு என்று இரண்டு ராத்திரி தரவுத்தளத்தையே துருவிக்கொண்டிருந்தேன். இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மருந்தை எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள். ஒரு வரிசை தவறினாலும் எனக்கு மனசு ஒப்பாது.

பதில் 1:
தரவு சரியாகத்தான் இருக்கிறது, நண்பரே. ஆல்டர்நேட்டிங்ஐட்டம் டெம்ப்ளேட்டை (ஒன்று விட்டு ஒன்று வரும் வரிசைக்கான அமைப்பு) நீங்கள் எழுதாவிட்டாலும், டேட்டாலிஸ்ட் ஒவ்வொரு இரண்டாவது வரிசைக்கும் ஆல்டர்நேட்டிங்ஐட்டம் என்ற வகையைத்தான் கொடுக்கும். உங்கள் இஃப் நிபந்தனை அவற்றை உள்ளேயே விடவில்லை. இரண்டு வகையையும் சேர்த்துக் கேளுங்கள். நான் வகையைக் கேட்பதையே விட்டுவிட்டேன். டேட்டாஐட்டம் ‘நல்’ (காலி) இல்லையென்றால் உள்ளே போ, அவ்வளவுதான். தலைப்புக்கும் அடிப்பகுதிக்கும் அது காலியாகத்தான் இருக்கும். தேர்ந்தெடுத்த வரிசை, திருத்தும் வரிசை எல்லாம் இதிலேயே அடங்கிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே தேதிக் கணக்கையும் பாருங்கள். டேட்டைமில் நவ் (இப்போதைய தேதியும் நேரமும்) போட்டுக் கழித்து டேஸ் (முழு நாள் எண்ணிக்கை) எடுக்கிறீர்களா? அப்படியென்றால் 31 நாள் மிச்சமுள்ள மருந்துக்குக் காலை 10 மணிக்கு 30 என்று வரும். மணிக்கணக்கும் சேர்ந்து கழிந்து, மிச்சம் வெட்டப்படுகிறது. டுடே (நேரம் இல்லாத இன்றைய தேதி) போடுங்கள். தேதியே இல்லாத வரிசைக்கு டிபிநல் (தரவுத்தளத்தின் காலி மதிப்பு) வரும். அதை முதலில் சோதிக்காமல் டேட்டைமாக மாற்றினால் பக்கமே பிழை காட்டி நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஆறும் சிவப்பாகிவிட்டன, மிக்க நன்றி! நவ்தான் போட்டிருந்தேன், மாற்றிவிட்டேன். ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் ஒரு டேபிள் வைத்ததும் நிறம் மறைந்துவிட்டது. அப்புறம், திருத்துவதற்கான பொத்தானில் தேதியை மாற்றிச் சேமித்தாலும் பழைய நிறமே இருக்கிறது.

பதில் 1:
பேக்கலர் வெளியில் உள்ள டிடி செல்லில் (அட்டவணைக் கட்டம்) விழுகிறது. உள்ளே இருக்கும் டேபிளுக்குத் தனிப் பின்னணி இருந்தால் அதை மூடிவிடும். உள் டேபிளின் பின்னணியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது: போஸ்ட்பேக்கில் (பொத்தானை அழுத்தியதும் பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்பும்போது) வியூஸ்டேட் (பக்கம் நினைவில் வைக்கும் பழைய நிலை) பழைய நிறத்தையே திருப்பிக் கொண்டுவரும், ஐட்டம்டேட்டாபவுண்ட் ஓடாது. சேமித்த கையோடு பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து மறுபடி எடுத்து டேட்டாபைண்ட் (தரவைப் பட்டியலில் சேர்க்கும் கட்டளை) அழையுங்கள்.

பதில் 2:
ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு பிரித்தறிய முடியாதவர்களும் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம். நிறம் மட்டுமே தகவலைச் சொல்லக்கூடாது என்று இணைய அணுகல் வழிகாட்டுதலின் 1.4.1 விதியே சொல்கிறது. அதே இஃப்பில் ஒரு லேபிளைக் கண்டுபிடித்து ‘காலாவதி நெருங்குகிறது’ என்று எழுதிவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
லேபிள் சேர்த்துவிட்டேன். உள் டேபிளின் பின்னணியை எடுத்ததும் நிறமும் வந்துவிட்டது. தேதி இல்லாத மருந்துகளுக்கு ‘தேதி பதியவில்லை’ என்று மஞ்சளில் காட்டுகிறேன். அப்படி 2 வரிசை இருந்ததே இப்போதுதான் தெரிந்தது.