ஹைபர்நேட்: ஆழ்துயிலா, வைப்புத்துயிலா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினி இடைமுகத்தில், மின் மேலாண்மைப் பக்கத்தின் சரங்களில் (திரையில் தோன்றும் சொற்களில்) மூன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகின்றன: ஸ்லீப், ஹைபர்நேட், ஹைப்ரிட் ஸ்லீப். முதலாவதற்கு ‘உறக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். ஹைபர்நேட்டுக்கு ‘ஆழ்துயில்’, ஹைப்ரிட்டுக்கு ‘கலப்புறக்கம்’ என்று வைத்துவிடலாமா? விலங்கியல் பாடத்தில் வரும் ‘குளிர்கால உறக்கம்’ பொத்தானுக்குள் அடங்காது. கணினிக்குக் குளிர்காலமும் கிடையாது.

———

> ஹைபர்நேட்டுக்கு ‘ஆழ்துயில்’

வேண்டாம் என்பேன். உறக்கத்துக்கும் ஹைபர்நேட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆழத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. உறக்கத்தில், திறந்து கிடக்கும் நிரல்களும் பாதி எழுதிய வரிகளும் ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கின்றன. திரை, செயலி, வட்டு எல்லாம் ஓய்ந்தாலும் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதன் ஒவ்வொரு நிரையும் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகும். 50 வாட்-மணி மின்கலம் உறக்கத்தில் அரை வாட் கொடுத்துக்கொண்டிருந்தால் 100 மணி நேரம் தாங்கும். நான்கு நாள் விடுமுறை முடிந்து வந்து திறந்தால் கறுப்புத் திரைதான். ஹைபர்நேட்டில் ரேமில் இருப்பது வட்டுக்கு நகலாகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்கலத்தைக் கழற்றி ஒரு மாதம் வைத்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘ஆழ்’ என்ற அடை இதில் எதையும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், ரேமில் வைத்து உறங்கும் முறைக்கே ‘டீப்’ என்றுதான் பெயர். அதைவிட மேலோட்டமானது ‘எஸ்2ஐடில்’. ஆழ்துயிலை ஹைபர்நேட்டுக்குக் கொடுத்துவிட்டால், அந்தச் சரம் வரும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். 1996இல் வந்த, கணினியின் மின் நிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ தரம் ரேம் உறக்கத்தை எஸ்3 என்றும் வட்டு உறக்கத்தை எஸ்4 என்றும் எண்ணால் பிரித்துவிட்டுப் போய்விட்டது. நமக்கு அந்த வசதி இல்லை, சொல்லால்தான் பிரிக்க வேண்டும்.

என் முன்மொழிவு ‘வைப்புத்துயில்’. நிலையை வட்டில் வைத்துவிட்டுத் துயில்வது. ‘வைப்புறக்கம்’ என்று சேர்த்தால் புணர்ச்சி சரிதான், ஆனால் சிறிய எழுத்தில் ‘வைப் புறக்கம்’ என்று பிரித்துப் படிப்பார்கள்.

முன்பு ‘துஞ்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் அதற்கு இறத்தல் என்றும் பொருள்; குளமுற்றத்துத் துஞ்சிய சோழன் கிள்ளிவளவன் திரும்ப எழவில்லை.

———

வணக்கம். ‘வைப்பு’ என்றதும் வங்கிதான் நினைவுக்கு வருகிறது. ‘சேமித்து அணை’ என்று நேரடியாகவே சொன்னால் என்ன? வினை, பொருள் இரண்டும் பொத்தானிலேயே இருக்கின்றன.

———

> ‘சேமித்து அணை’

முதல் பார்வையில் எனக்கும் பிடித்தது. ஆனால் ‘சேமி’ ஏற்கெனவே கோப்புப் பட்டியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பொத்தானைப் பார்ப்பவர் தன் ஆவணம் சேமிக்கப்பட்டுவிட்டது என்றே நம்புவார். அது சேமிக்கப்படுவதில்லை, ரேமின் நகல்தான் வட்டில் இருக்கிறது. அந்த நகலை எடுக்க முடியாமல் போனால் ஆவணத்தில் கடைசியாகச் சேமித்தது மட்டுமே மிஞ்சும்.

எடுக்க முடியாமல் போவது அரிதும் அல்ல. லினக்ஸில் ஸ்வாப் (ரேமின் நகலுக்கு வட்டில் ஒதுக்கிய இடம்) போதாவிட்டால் நகல் எழுதப்படாது. எழுதப்பட்டாலும், கெர்னல் அளவுருக்களில் நகல் இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘ரெசியூம்’ சரியான பகிர்வை (வட்டின் பிரிவை) சுட்டாவிட்டால் கணினி ஒன்றுமே நடவாததுபோல் புதிதாகத் தொடங்கும். ஸ்வாப் பகிர்வாக இல்லாமல் கோப்பாக இருந்தால் அந்தக் கோப்பு தொடங்கும் இடத்தைச் சொல்லும் ‘ரெசியூம் ஆஃப்செட்’டும் வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது பல லினக்ஸ் வழங்கல்களில் ஹைபர்நேட் பூட்டப்பட்டே இருக்கும்.

வைப்புக்கு வங்கி நினைவு வருவது குறை இல்லை. வைத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்ற பொருள் அதனுடன் இலவசமாக வருகிறது.

விண்டோஸ் உதவிக் குறிப்பு எழுதுபவர் கவனத்துக்கு: அங்கே நகல் ‘ஹைபர்ஃபில்.சிஸ்’ என்ற மறைகோப்பில் போகிறது. விண்டோஸ் 10இல் அதன் இயல்பு அளவு ரேமில் 40 விழுக்காடு; 16 ஜிபி ரேமுக்கு ஏறத்தாழ 6.4 ஜிபி. சுருக்கி எழுதுவதால் பெரும்பாலும் போதும். பட்டியலில் ஹைபர்நேட் தெரியாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், இடப்புறம் பவர் பட்டன்களுக்கான இணைப்பு, உள்ளே தற்போது மாற்ற முடியாதவற்றைத் திறக்கும் வரி. அதைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள ஹைபர்நேட் கட்டம் குறிக்கக் கிடைக்கும்.

அதே இடத்தில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் உள்ளது. அது குறிக்கப்பட்டிருந்தால் ‘ஷட் டவுன்’ முழு அணைப்பு அல்ல. பயனர் நிரல்கள் மூடப்படும், கெர்னல் பகுதி மட்டும் அதே கோப்பில் எழுதப்படும். அதாவது அரை வைப்புத்துயில். இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவரின் விண்டோஸ் பகிர்வு லினக்ஸில் படிக்க மட்டும் திறப்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். முழுமையாக மூடித் தொடங்க ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். எனவே நம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மீண்டும் தொடங்கு’ என்றே இருக்கட்டும், ‘அணைத்துத் தொடங்கு’ வேண்டாம்.

———

வைப்புத்துயில் எனக்குச் சரி. அதே அளவுகோலில் ஹைப்ரிட்டைப் பார்த்தால் ‘கலப்பு’ பொருந்தவில்லை. அங்கே எதுவும் கலக்கவில்லை. நிலை ரேமிலும் இருக்கிறது, வட்டிலும் இருக்கிறது. மின்சாரம் இருந்தால் ரேமிலிருந்து நொடியில் எழும், போய்விட்டால் வட்டிலிருந்து மெல்ல எழும். ‘ஈரிட உறக்கம்’ எனலாம். மேக் மடிக்கணினிகளின் இயல்பு முறையும் இதுதான்.

விட்டுப்போன ஒன்று விண்டோஸின் மாடர்ன் ஸ்டாண்ட்பை. திரை அணைந்திருக்கும், ஆனால் கணினி வலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதை ‘உறக்கம்’ என்று எழுதித்தான் பயனரை ஏமாற்றுகிறோம். மூடியை மூடிப் பைக்குள் வைத்த கணினி கொதிப்பதும், மாலையில் மின்கலம் காலியாக இருப்பதும் பெரும்பாலும் இந்த முறையில்தான். ஏதோ ஓர் இயக்கியோ (டிரைவர்) புதுப்பித்தலோ அதைத் தூங்க விடுவதில்லை. எது என்று அறிய நிர்வாகி உரிமையுடன் ‘பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி’ என்ற கட்டளை கொடுத்தால் அறிக்கை வரும். அந்தக் கணினியில் எந்தெந்த முறை உண்டு என்பதை ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ சொல்லும். பல புதிய கணினிகளில் எஸ்3 கிடையாது.

இதற்கு ‘அறிதுயில்’ ஆயத்தமாகவே இருக்கிறது: அறிந்தபடியே துயில்வது. பேச்சுவழக்கில் கோழித்தூக்கம் இன்னும் கச்சிதம், அமைப்புப் பக்கத்தில் வைக்கத்தான் முடியாது.

———

ஏற்கிறேன். கோப்பில் இப்படி ஏற்றியிருக்கிறேன்: உறக்கம், அறிதுயில், வைப்புத்துயில், ஈரிட உறக்கம். பொத்தானில் வினை வேண்டுமே என்பதால் ‘உறங்கு’, ‘வைப்புத்துயில் கொள்’. ‘உறங்க வை’ என்றும் யோசித்தேன். பக்கத்தில் ‘அணை’ என்று ஒற்றைச் சொல் இருக்கும்போது நீளமாகத் தெரிகிறது.

‘க்ளோஸ் த லிட்’ வரும் வரியில் ‘மூடியை மூடினால்’ என்பது காதுக்கு உறுத்தினாலும் யாருக்கும் குழப்பம் வராது. அதனாலேயே ‘ஷட் டவுன்’னுக்கு ‘மூடு’ எங்கும் கூடாது, தேடி மாற்றிவிட்டேன்.

மிச்சம் ‘வேக் டைமர்’, குறித்த நேரத்தில் கணினியை எழுப்புவது. ‘எழுப்பு நேரங்காட்டி’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். சுட்டியும் விசைப்பலகையும் கணினியை எழுப்பலாமா என்று கேட்கும் கட்டத்திலும் ‘எழுப்பு’தான் வருகிறது, ஆகவே ஒத்துப்போகிறது. ‘நேரங்காட்டி’ மட்டும் கடிகாரம்போல் ஒலிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.