கடற்புல் ஆய்வுத் திட்டத்திற்கு நிதி கிடைக்கவில்லை: எதை மாற்றி எழுதுவது?

கேள்வி
இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவற்றின் கடற்புல் படுகைகளைப் பற்றி மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றை நிதி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். இனப்பன்மை, கரிமச் சேமிப்பு, நுண்ணுயிர்கள், மாசு, மீனவர் வாழ்வாதாரம், விழிப்புணர்வு என ஆறு நோக்கங்கள். ஆய்வு வினா தெளிவாக இல்லை என்ற ஒற்றை வரியுடன் திரும்பிவிட்டது. அடுத்து, ஒன்றிய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்
மதிப்பீட்டாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆறு நோக்கங்களைக் கண்டவுடனேயே, இவர் எதையும் முடிக்கமாட்டார் என்ற ஐயம் எங்களுக்கு வந்துவிடும். கடற்புல்லின் கரிமச் சேமிப்பு என்பது வெறும் தலைப்பு. இழுவலை ஓடும் படுகைகளின் மண்ணில் தங்கும் கரிமம், ஓடாத படுகைகளைவிடக் குறைவா, எந்த ஆழம் வரை குறைவு என்று கேட்டால்தான் அது வினா. அப்படிக் கேட்டுவிட்டால், ஒரு மீட்டர் ஆழ மண் உருளை (குழாயைச் செலுத்தி எடுக்கும் மண் மாதிரி) ஏன் தேவை, எத்தனை இடங்களில் எத்தனை உருளைகள் எடுக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் காரணம் தானாகவே கிடைத்துவிடும். பவளத் தீவுகளை ஒட்டிய மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. அதிலும் கரிமம் இருப்பதால், அதை அமிலத்தால் நீக்காமல் அளந்தால் கணக்கு கெடும். இதை ஒரு வரியில் எழுதியிருந்தாலே வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். விழிப்புணர்வு நோக்கத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பதில்
மேலே ஐயா கூறியதோடு செலவுக் கணக்கையும் சேர்க்கிறேன். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய். முதல் ஈராண்டு இளநிலை, மூன்றாமாண்டு முதுநிலை என்றால் ஒருவருக்கே 13,92,000 ரூபாய் ஆகும். வீட்டு வாடகைப்படி தனி. பலர் இந்தப் படியை மறந்துவிட்டுப் பிறகு பயணச் செலவிலிருந்து ஈடுகட்டத் தவிப்பார்கள். விலையுயர்ந்த கருவியைக் கேட்பதைவிட, மாதிரிக்கு இவ்வளவு என்று பகுப்பாய்வுக் கட்டணம் கேட்பது உங்கள் கல்லூரிக்குப் பொருந்தும். முன்பு ஆராய்ச்சி நிதி வழங்கிவந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறக்கட்டளைக்குள் அடங்கிவிட்டதால், சக பேராசிரியர்களிடம் கிடைக்கும் பழைய படிவத்தைப் பார்த்து எழுத வேண்டாம்.

மூன்றாம் பதில்
அனுமதியை யாரும் குறிப்பிடவில்லை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவிற்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் ஆறு மாதங்களில் களப்பணி என்று அட்டவணையில் எழுதினால் நம்பமாட்டார்கள். மேலும், தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் விரிகுடாப் பக்கமும் கொந்தளிக்கும். இரு பக்கங்களையும் ஒரே மாதத்தில் ஒப்பிடுவதாக எழுதியிருந்தால், எந்த மாதம் என்று காரணத்துடன் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. எல்லா மாதங்களிலும் இரு பக்கமும் மாதிரி எடுப்பதாகத்தான் எழுதியிருந்தேன். இனிப் பாக் விரிகுடாவை மட்டும் வைத்துக்கொண்டு, இழுவலை பற்றிய வினாவிலிருந்து தொடங்குகிறேன்.