‘யூரோட்ராஷ்’: தமிழில் எந்தச் சொல்?

சொல்தேடி:
1980களின் நியூயார்க்கில் நடக்கும் கதை. இரவு விடுதிக்குள் நுழையும் ஒரு கூட்டத்தைப் பார்த்து அந்த ஊர்ப் பெண் ‘யூரோட்ராஷ்’ என்கிறாள். ‘ஐரோப்பியக் குப்பை’ என்று போடலாமா? எவ்வளவு கடுமையான வசவு இது?

மணிமொழி:
போடாதீர்கள். வக்கற்று வந்தேறியவர்களைத் திட்டுவதுபோல் ஆகிவிடும். இங்கே ஆளே வேறு: அப்பன் சொத்தில் வாழ்பவன், உடையில் குறை வைக்காதவன், நாலு மொழி பேசுபவன், வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவன். சொல்லின் வேர் ‘ஒயிட் ட்ராஷ்’. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையரை இழித்த 19ஆம் நூற்றாண்டு வசவு அது. அந்த ‘ட்ராஷை’ப் பணக்காரன்மேல் ஒட்டியதில்தான் குத்தல்: காசு உண்டு, தரம் இல்லை. காலமும் பொருந்துகிறது. 1970களில் இத்தாலியில் பணத்துக்காக ஆள்கடத்தல் பெருகியது. 1981இல் பிரான்சில் சோஷலிஸ்ட் தலைவர் மித்தரான் ஆட்சிக்கு வந்ததும் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. வசதியானவர்களுக்கு ஊரைவிட்டு வெளியேற அது போதுமான காரணம்.

யாழினி:
பேசுவது யார் என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் இதே பெயரில் 1993இல் சேனல் 4 ஒரு பின்னிரவு நிகழ்ச்சி தொடங்கியது. அதற்குப் பிந்தைய பிரிட்டிஷ் பேச்சில் இந்தச் சொல் பணத்தை விட்டு விலகி, கூச்சமில்லாத மட்டரக ரசனையைக் குறிக்கக்கூடும். உங்கள் கதைக்கு அந்தப் பொருள் வேண்டாம். விமானத்தில் ஊர் ஊராகப் பறந்து களிக்கும் பணக்காரக் கூட்டமான ‘ஜெட் செட்’டோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் பொறாமை உண்டு, இளக்காரம் குறைவு.

கரிகாலன்:
‘ஃபாரின் ரிட்டர்ன்’ பக்கமே போகாதீர்கள், திசை தலைகீழ். அது போய்த் திரும்பிய நம் ஆளுக்கு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ‘நபாப்’ அந்த வகை: கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பி, பண்ணை நிலமும் நாடாளுமன்ற இடமும் வாங்கியவர்களுக்கு, ‘நவாப்’ என்பதைத் திரித்து வைத்த பெயர். சீனத்தின் ‘ஹாய்குய்’யும் அப்படியே. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர் என்று பொருள், கடலாமைக்கான சொல்லும் அதே ஒலிதான். வேலை கிடைக்காமல் காத்திருந்தால் ‘ஹாய்தாய்’, அது ஒலியில் கடற்பாசி!

மணிமொழி:
என் தேர்வு ‘சீமை மைனர்’. பரம்பரைச் சொத்து, ஊதாரித்தனம், மினுக்கு மூன்றும் ‘மைனரில்’ ஏற்கெனவே இருக்கின்றன. ஒரே சிக்கல், அது ஆணுக்கு மட்டும்தான்.

சொல்தேடி:
கூட்டத்தில் பெண்களும் உண்டு.

யாழினி:
அப்படியானால் ‘சீமைத் தறுதலைகள்’. பணம் அந்தச் சொல்லில் தெரியாது. முந்தைய வரியில் காரையோ கைக்கடிகாரத்தையோ காட்டிவிடுங்கள்.